கோடு விழுந்தால் நாடா, கட்டம் விழுந்தால் கணினி

கல்முனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் இளையவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் பதினான்கு வருடம் பாடசாலையில் கணிதம் கற்பித்தவன்; ஊரில் இன்னும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் கடை நடத்தினேன். கடைக்கு வந்த இயந்திரங்களை ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதுவது வழக்கம். அவற்றில் நானே கெடுத்தவை ஒன்பது. எட்டைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வேன். ஒன்பதாவதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

அது நிசாரின் மெசின். நிசார் கல்யாண வீடியோ எடுப்பவர். கல்முனைக்குடியில், கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். சுனாமி அதைக் கொண்டுபோனது. சேற்றுக்குள்ளிருந்து அறுபத்தொரு கசெட்டுகளைப் பொறுக்கி எடுத்து, மாவடிப்பள்ளியில் உறவினர் வீட்டு நல்ல தண்ணீர்க் கிணற்றில் ஒவ்வொன்றாக அலசி, நிழலில் உலர்த்தி, புதுக் கூடுகளுக்குள் மாற்றி வைத்தார். பலர் சிரித்தார்கள். "கடல் திண்ட கசெட்டுல கல்யாணம் பாக்கப் போறாராம்" என்றார்கள். நானும் சிரித்தேன்.

யுத்தம் முடிவதற்கு முந்திய மாரியில் அவர் என்னிடம் வந்தார். ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டி முடிக்கக் கணினி ஒன்றரை நாள் எடுக்கிறது, வேகமான மெசின் வேண்டும், ஆனால் புதிது வாங்க வழியில்லை என்றார். உள்ளதையே வேகமாக்கித் தருகிறேன் என்றேன். அப்போது ஓவர்குளொக் செய்வது எனக்குக் கைவந்திருந்தது. புரொசசரை, அதைச் செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதுதான் அது. அவரிடம் இருந்தது மலிவான மதர்போர்ட். அதில் 133 என்று இருந்த எண்ணை 150 ஆக்கினேன். பதினேழு எண்கள்தான்.

நல்ல மதர்போர்ட்டில் புரொசசரின் வேகத்தைத் தனியாக உயர்த்தலாம்; மற்றப் பாகங்களின் வேகத்தைப் பூட்டி வைக்க வழியிருக்கும். இந்தப் பலகையில் அந்தப் பூட்டு இல்லை. எல்லாம் ஒரே துடிப்பில் ஓடுபவை. எண்ணை உயர்த்தினால் புரொசசரோடு சேர்த்து, வீடியோவை உள்ளே எடுக்கும் அட்டையும் ஹார்ட் டிஸ்க்கும் அதே விகிதத்தில் விரட்டப்படும். இது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

பதினொரு மணி நேரம் சோதித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பத்தைக் குறித்தேன், அறுபத்தாறு குறிப்புகள். ஒன்றுகூட அச்சப்படும்படி இல்லை. அந்தத் தாளை நிசாரிடம் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஊர் முழுக்க "சேர் கை வெச்ச மெசின்" என்று சொல்லித் திரிந்தார். நான் குறிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அன்று வெளியே கொட்டு மழை. அறை மண்பானைக்குள் இருப்பதுபோல் குளிர்ந்திருந்தது.

அடுத்த வருடம் யுத்தம் முடிந்தது. அதோடு, நாலரை வருடமாக ஃபைலுக்குள் கிடந்த சுனாமியில் போன வீட்டுக்குப் புது வீடு கொடுக்கும் பட்டியல்கள் அசையத் தொடங்கின. பெயர்களில் தகராறு இருந்தால் பள்ளிவாசல் நிர்வாகம் விசாரித்து, எழுத்தில் முடிவு கொடுக்க வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். அது கச்சான் வீசும் காலம். மலைப்பக்கமிருந்து வரும் அந்தக் காய்ந்த மேல்காற்றில் கதவுகள் வெடிக்கும், பல்லியும் சுவரைவிட்டு இறங்கும்.

ஒரு புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நிசார் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், மெசின் செத்திட்டு. ஒருக்கா வாங்க, சுறுக்கா வாங்க."

நான் போனபோது ஸ்டூடியோவுக்குள் ஒரு பெண் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெயர் பரீதா. கடலில் கணவரையும் உம்மாவையும் வாப்பாவையும் ஒரே காலையில் இழந்தவர். ஒரு மகளோடு நாலரை வருடமாகத் தகரக் கொட்டிலில் இருக்கிறார். மறுநாள் வியாழக்கிழமை, பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு அவருடைய விசாரணை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வாப்பா வீடு கொடுப்பார், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சுனாமிக்குப் பிறகு பட்டியல் எழுத வந்தவர்களுக்குத் தெரியவில்லை. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். இறந்துபோன கணவரின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது கணவரின் மூத்த சகோதரர் ஹனீபா, "தம்பி சவூதியில இருந்து அனுப்பின காசில கட்டின வீடு, புது வீட்டில எங்களுக்கும் பங்கிரிக்கி" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதில் பாதி உண்மை. கூரையும் பின்பக்க அறையும் தம்பியின் காசுதான்.

கரையோரக் காணி என்பதால் அந்த வீட்டுக்கு உறுதிப் பத்திரம் ஒருபோதும் இருந்ததில்லை. பரீதாவின் வாப்பா நிக்காஹ் நாளில், கல்யாணச் சபையில் வாயால் சொல்லிக் கொடுத்ததுதான். கேட்டுச் சாட்சி நின்றவர்கள் நால்வர். மூவரைக் கடல் எடுத்தது. நாலாமவர் ஹனீபாவின் மனைவியின் தம்பி, அவருக்கு ஞாபகமில்லையாம். அந்தச் சொல் மீதியிருந்தது நிசாரின் அறுபத்தொரு கசெட்டுகளில் ஒன்றில் மட்டும்.

"வாப்பா சொல்றதும் அதுல இரிக்கி, இந்த ஹனீபா மச்சானே 'ஓம் கேட்டம்' என்டு சொல்றதும் இரிக்கி" என்றார் பரீதா. "எங்கட கசெட்டு வீட்டோட போயிட்டு. இது நிசார் காக்கா தன்னோட வெச்சிருந்தது."

நடந்ததை நிசார் சொன்னார். காலையில் கசெட்டை டெக்கில் போட்டு, கணினிக்குள் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். இருபத்து மூன்று நிமிடம் நன்றாக வந்தது. பிறகு படம் உடைந்தது, சத்தம் விக்கியது, மெசின் அப்படியே உறைந்தது. கசெட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் டெக்கின் தலைப்பக்கம் மண்ணிற மாவாக இருந்தது. நாடாவின் பூச்சு உதிர்கிறது.

"இன்னும் எத்தின தடவ ஓடும்?" என்று கேட்டேன்.

"ஒருக்கா ஓடினா அல்லாட கிருப."

"வாப்பா சொல்ற இடம் எத்தினையாவது நிமிசம்?"

"இருபத்தாறு, இருபத்தேழு வரும்."

அதாவது தேவையான இடத்துக்கு மூன்று நிமிடம் முன்னால் நின்றுவிட்டது. சுவர்க் காற்றாடி சுடுகாற்றைத்தான் வீசியது. கணினிப் பெட்டியின் மேல் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

நான் பேசிக்கொண்டிருக்கையிலேயே நிசார் மெசினைத் திரும்பப் போட்டுவிட்டார். நீலத் திரை வந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்க்க வேண்டும், பத்து விநாடியில் தொடங்கும் என்று எண்ணத் தொடங்கியது. பத்து. ஒன்பது.

"அது தன்ட பாட்டுக்குத் திருத்தட்டும் சேர், நீங்க இரிங்க" என்றார் நிசார்.

எட்டு. ஏழு. உங்களில் அநேகர் விட்டிருப்பீர்கள். வேறு நாளென்றால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்தச் சூட்டில் கை பட்டதிலிருந்து 150 என்ற எண் மனதில் நின்றது. சரிபார்ப்பது என்றால் டிஸ்க்கில் எழுதுவது. பிழையான துடிப்பில் ஓடும் பலகை ஒன்று தன் பிழையைத் தானே திருத்தப் போகிறது. உள்ளே மீதியிருப்பதையும் அழிக்கும். ஒரு விசையைத் தட்டினால் நிற்கும், ஆனால் அடுத்து மெசின் முழுதாக எழும்பி, அதுவும் டிஸ்க்கில் எழுதும். மூன்று என்று வந்தபோது சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

நிசார் என்னை முறைத்தார். "என்ன சேர் இது, மூச்சு இழுத்துக் கிடக்கிற ஆள்ட கழுத்தத் திருகின மாதிரி?"

"உடைஞ்ச படத்தக் கண்ட நீங்கதானே. எப்பிடி உடைஞ்சிச்சு? கோடு கோடாவா, கட்டம் கட்டமாவா?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி யோசித்தார். பரீதா முந்திக்கொண்டார். "கட்டம் கட்டமா, சேர். சதுரம் சதுரமா. கூரைக் கிடுகு பிரிஞ்சி வாற மாதிரி."

தம்பிமாரே, இந்தத் தொழிலில் நான் கேட்ட கேள்விகளில் பதிலுக்குப் பயந்து கேட்டது இது ஒன்றுதான். கசெட் நாடா கெட்டால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழும், படம் நடுங்கும், மழை பெய்யும். சதுரம் சதுரமாகச் சிதறுவது, நாடாவைத் தாண்டி, கணினிக்குள் வந்த பிறகு நடப்பது. கோடு விழுந்தால் நாடா. கட்டம் விழுந்தால் கணினி.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் இருவருக்கும் தெரியாது. நிசார் ஏற்கெனவே கசெட்டைக் குற்றம் சொல்லிவிட்டார். "கடல் திண்டது புள்ள, நான் என்ன செய்ய?" என்றார். பரீதாவும் தலையசைத்தார். நான் வாயைத் திறக்காவிட்டால், பழி கடலில் போய் முடிந்திருக்கும். கடலுக்கு அந்த நாட்களில் எவ்வளவு பழியைச் சுமத்தினாலும் கேட்பதற்கு ஆளில்லை.

பிடுங்கிய வயரைக் கையில் சுற்றினேன். சுற்றி முடிப்பதற்குள் ஒன்று விளங்கியது. கசெட் கெட்டுவிட்டது என்று பரீதா நம்பினால் அதைத் திரும்பப் போட மாட்டார்; வீட்டை விட்டுவிடுவார். கசெட் நல்லது, மெசின்தான் பிழை என்று தெரிந்தால்தான் மீதியிருக்கும் ஒரு தடவையை எப்படிச் செலவழிப்பது என்று அவரால் முடிவு செய்ய முடியும். அந்த முடிவு அவருடையது. அதை என் வெட்கத்தால் மூடி வைக்க எனக்கு உரிமையில்லை.

"கசெட்டில பிழ இல்ல" என்றேன். "பிழ மெசினில. அத அப்பிடி ஓட வெச்சது நான்."

பதினேழு எண்களைப் பற்றிச் சொன்னேன். மழை நாளில் சோதித்ததைச் சொன்னேன். நிசார் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப மாரியில இருந்து நான் இதில எடுத்த கல்யாணங்கள் எல்லாம்?"

"ஒவ்வொண்டாப் போட்டுப் பாக்கணும். எத்தின?"

"பத்தொம்பது." கூடவே, "எண்ணுறதில மட்டும் குறையில்ல உங்களுக்கு" என்றார்.

பரீதா அதையெல்லாம் கேட்கவில்லை. "நிச்சயமாச் சொல்றீங்களா சேர்? கசெட்டு நல்லமா?"

"இருபத்து மூண்டு நிமிசம் வரைக்கும் நல்லம். அதுக்கு அங்கால யாருக்கும் தெரியா. போட்டாத்தான் தெரியும். போட்டா அது கடைசித் தடவ."

அவர் முந்தானையை விரலில் சுற்றினார், பிரித்தார். "அப்ப இஞ்ச வேணாம். நாளைக்குப் பள்ளிவாசலில வெச்சிப் போடுவம். கெட்டாலும் எல்லாருக்கும் முன்னால கெடட்டும். கொம்பியூட்டரில செஞ்சி கொண்டுவந்த என்டு ஹனீபா மச்சான் சொல்ல ஏலாதே."

எனக்கு அது பிடிக்கவில்லை. முதலில் என் கடையில், கதவைச் சாத்தி, ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும் என்றுதான் எந்தத் தொழில்காரனும் நினைப்பான். இரண்டு தடவை வாயெடுத்தேன். ஆனால் நேற்றுவரை என் யோசனைப்படி நடந்துதான் இந்த நிலை. "சரி" என்றேன். "ஆனா டீ.வீ.யில ஓடுற நேரத்திலேயே பக்கத்தில நான் பிரதியும் எடுப்பன்."

அந்தப் பலகையை நான் திரும்ப நம்பவில்லை. எண்ணை 133க்கு இறக்கி வைத்துவிட்டு, வீடியோ அட்டையை மட்டும் கழற்றி, என் கடையில் கடிதம் அடிக்கும் மெசினில் போட்டேன். அது ஆமை. ஆனால் அதில் எல்லாம் செய்தவன் வைத்த எண்ணிலேயே இருந்தது. மத்தியான வெயிலில், கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, வேண்டாத கசெட் ஒன்றை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரு கட்டம்கூட இல்லை.

வியாழக்கிழமை அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலுக்குப் பக்கத்து மதரசா மண்டபத்தில் கூடினார்கள். நிர்வாகத்தினர் ஏழு பேர். ஹனீபா வெள்ளைச் சட்டையோடு முன் வரிசையில் இருந்தார். பெண்கள் பக்கம் திரை போட்டிருந்தது. பரீதா அதற்குப் பின்னால். டெக்கையும் டீ.வீ.யையும் என் மெசினையும் ஒரு நீண்ட மர வாங்கில் அடுக்கினோம். மின்சாரம் போனால் பேட்டரிப் பெட்டி ஆறு நிமிடம் தாங்கும். ஆறு போதாது என்பது எனக்குத் தெரியும்.

தலைவர் தொடங்குமுன் ஹனீபா எழுந்தார். "நேத்து கெட்டுப்போன கசெட்டு என்டு ஊருக்கே தெரியும். இன்டைக்கு எப்பிடி நல்லாகினது? சேர் படிச்சவரு, கெட்டிக்காரரு. ஏதும் செஞ்சிதான் கொண்டு வந்திரிப்பாரு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நேத்து என்ன நடந்த, சேர்?"

மண்டபத்தில் என் வாடிக்கையாளர்கள் பதின்மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஐவரின் மெசின்களை நான் இப்படியே வேகமாக்கிக் கொடுத்திருந்தேன்.

"கசெட்டு கெடல்ல. நான் செஞ்ச வேலைதான் பிழ. மலிவான பலகையில அளவுக்கு மேல வேகத்த ஏத்தி வெச்சிருந்தன். சூட்டுக்குத் தாங்கல்ல. இன்டைக்கு ஓடப்போறது அதே கசெட்டுத்தான். கசெட்டுக் கூட்டக் கழட்டியும் பாக்கலாம்."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப என்ட மெசினும் அப்பிடியா?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"உங்கடதும்தான்" என்றேன். சிரிப்பு நின்றது.

ஹனீபா உட்கார்ந்தார். தலைவர், "பாட்டுக் கீட்டு வந்தாச் சத்தத்தக் குறைங்க" என்று நிசாரிடம் சொன்னார். நிசார் விசையை அழுத்தினார்.

நான் டீ.வீ.யையும் என் திரையையும் மாறிமாறிப் பார்த்தேன். முதல் கோடு நாலாவது நிமிடத்தில் விழுந்தது. எட்டாவதில் இரண்டு. பதினைந்துக்கு மேல் அடிக்கடி. கோடுகளை எண்ணினேன், கட்டம் வருகிறதா என்று பார்த்தேன். இருபத்து மூன்றைத் தாண்டியது. நிசார் என் தோளைப் பிடித்தார். இருபத்து நாலில் படம் முழுக்க வெள்ளையாகி, சத்தம் போய், இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு வந்தது. இருபத்தாறு நிமிடம் சொச்சத்தில், நடுங்கும் படத்துக்குள்ளிருந்து ஒரு முதியவரின் குரல் தெளிவாக வந்தது.

"இந்த வீட்ட என்ட மகள் பரீதாவுக்குக் குடுக்கன். அவட பேருக்கு. மாப்பிள்ள வீட்டார் கேட்டீங்களா?"

"ஓம், கேட்டம். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."

திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தலைவர் டீ.வீ.யைப் பார்க்கவில்லை, முன் வரிசையைப் பார்த்தார். ஹனீபா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"கேட்டம் என்டு சொன்னது நான்தான்" என்றார். "கூர தம்பி போட்டது. அத மட்டும் எழுதுங்க. வீடு அந்தப் புள்ளைக்கு."

அன்றைக்கே எழுதினார்கள். கணவரின் பெயரின் மேல் கோடு இழுத்து, பரீதாவின் பெயரை எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கூரையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தார்கள். கசெட் முப்பத்து நாலாவது நிமிடத்தில் நின்றது. நிசார் வெளியே எடுத்தபோது நாடாவின் ஊடாக வெளிச்சம் தெரிந்தது. என் மெசினில் முப்பத்து நாலு நிமிடமும் ஒரு கட்டம் இல்லாமல் ஏறியிருந்தது. அங்கேயே இரண்டு பிரதி எடுத்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வேகமாக்கிக் கொடுத்த மெசின்கள் ஊரில் பதினாறு. ஒவ்வொரு வீடாகப் போய் இறக்கி வைத்தேன். நன்றி சொன்னவர் மூவர். மற்றவர்கள், "முந்தி நல்லாத்தானே ஓடின" என்றார்கள். நிசாரின் பத்தொன்பது கல்யாணங்களில் நாலு உடைந்திருந்தன. இரண்டைக் கசெட்டிலிருந்து திரும்ப எடுத்தோம், இரண்டு போனது போனதுதான். அவற்றைப் பற்றி இன்றும் நான் அந்தக் குடும்பங்களுக்கு முன்னால் தலை நிமிர்ந்து பேசுவதில்லை.

ஆனால் உங்களுக்குச் சொல்ல நினைத்தது, அந்த வியாழக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு நடந்தது. நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பரீதா மகளின் கையைப் பிடித்தபடி மண்டப வாசலுக்கு வந்தார்.

"சேர், திரைக்கு அங்கால இருந்து சத்தம் மட்டும்தான் கேட்டிச்சு. உம்மா வாற இடம் நல்லா வந்திச்சா?"

"எந்த இடம்?"

"உம்மா படம் பிடிக்க விடமாட்டா. ஒரே ஒரு இடத்தில மட்டும் வருவா, சர்பத் தட்டோட. வேற படம் எங்கிட்ட ஒண்டும் இல்ல. மகள் கடலுக்குப் பிறகு பிறந்தவ, கண்டதே இல்ல."

நான் நாற்பத்தொரு கோடுகளை எண்ணியிருந்தேன். எந்த நிமிடத்தில் எத்தனை என்று கேட்டால் அப்போதே சொல்லியிருப்பேன். அந்த முப்பத்து நாலு நிமிடத்தில் வந்துபோன ஒரு முகத்தையும் நான் பார்த்திருக்கவில்லை. நேற்றுச் சொன்னதைவிட இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் பாக்கல்ல, புள்ள" என்றேன். "வாங்க, இப்ப பாப்பம்."

சுருட்டிய வயர்களைத் திரும்பப் பிரித்து, மெசினை அதே வாங்கில் வைத்தேன். தாயும் மகளும் பக்கத்தில் நின்றார்கள். முப்பத்தோராவது நிமிடத்தில், சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண் தட்டோடு வந்தார். கெமராவைக் கண்டதும் நின்று, யாரையோ ஏசிச் சிரித்து, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போனார். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. சிரிப்பில் அது படவில்லை.

"உம்மம்மாவா?" என்றாள் மகள்.

"ஓம்" என்றார் பரீதா. பிறகு என்னைப் பார்த்து, "இன்னொருக்காப் போட ஏலுமா, சேர்? கெட்டுப் போகாதே?"

"கெடாது" என்றேன்.

போதும் என்று அவர் சொல்லும்வரை போட்டேன்.